வெளிநாட்டு ஓட்டல் அறைக்கு எது: கெட்டிலா, குட்டி குக்கரா, பிளாஸ்க்கா?

ஐரோப்பா டூர் கிளம்பும் சைவக் குடும்பங்களில், விசா கைக்கு வந்ததும் அடுத்த பேச்சு இதுதான்: காலைக் காபிக்கும் ராத்திரிப் பசிக்கும் எதை எடுத்துப் போவது? என் ஓட்டு கெட்டிலுக்கு, கூடவே ஒரு பிளாஸ்க். குக்கர் வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் கரண்ட். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் நம்மூர் மாதிரியே 230 வோல்ட். பிளக்கின் வடிவம்தான் வேறு, அடாப்டர் போதும். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. அடாப்டர் வோல்டேஜை மாற்றாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நம்மூர் 1000 வாட் கெட்டில் ஜப்பானில் 190 வாட் அளவுக்குத்தான் சூடேறும். இங்கே மூன்று நிமிடத்தில் கொதிக்கிற அரை லிட்டர் தண்ணீருக்கு அங்கே கால் மணி நேரம் போதாது. இரண்டு வோல்டேஜிலும் ஓடும் டிராவல் கெட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். சிலவற்றின் அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதை 110-இல் விட்டுவிட்டு 230-இல் செருகினால் நான்கு மடங்கு பவர் ஏறி, காயில் கருகிவிடும். கிளம்பும்போதும் திரும்பும்போதும் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரிட்டன், ஜப்பான் ஓட்டல்களில் பெரும்பாலும் அறையிலேயே கெட்டில் இருக்கும். இத்தாலி, பிரான்ஸில் அதை நம்ப முடியாது. ஒன்று மட்டும்: கெட்டிலில் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். பால் பொங்கி வழியும், அடியில் தீயும். ஓட்டல் கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைப்பது அடுத்து வருபவருக்குச் செய்கிற அநியாயம்.

குக்கரில் பால் காய்ச்சலாம், சாதம் வைக்கலாம், ரசமும் வைக்கலாம். ஆசை நியாயமானதுதான். ஆனால் அறையில் சமைக்கப் பல ஓட்டல்கள் விடுவதில்லை. தாளித்தால் ஸ்மோக் அலாரம் அலறும். பாத்ரூம் வாஷ்பேசினில் பருக்கையோடு பாத்திரம் கழுவுவது வேறு. ஒரே ஊரில் ஒரு வாரம், கூடவே பெரியவர்கள் என்றால் கிச்சன் உள்ள அபார்ட்மெண்டே எடுங்கள். அப்போதும் குக்கர் தேவைப்படாது.

தண்ணீருக்குள் விடும் காயில் பக்கமே போக வேண்டாம்.

பிளாஸ்க்கின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. வாய் அகன்றதாக வாங்குங்கள். காலியாக இருந்தால் கேபின் பையிலேயே போகலாம். கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிடுங்கள். சூடேறிய பிளாஸ்க்கில் கழுவிய நொய் ஒரு பங்கு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீர் ஆறு பங்கு, உப்பு. இறுக்கி மூடினால் இரண்டு மணி நேரத்தில் கஞ்சி, ஊறுகாய் போதும். சூடு ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. அவசரத்துக்கு மெல்லிசு அவல்: கொதிநீர் தெளித்து, கையோடு கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்தால் பத்து நிமிடத்தில் சாப்பாடு.

காபிக்கு டிகாக்‌ஷன் பில்டரும் பொடியும் எடுத்துப் போனால் போதும். பால்பவுடரை எடுத்துப் போகாதீர்கள்: பால் பொருட்களைப் பயணிகள் வெளியிலிருந்து கொண்டுவர ஐரோப்பிய யூனியன் அனுமதிப்பதில்லை, பால்கோவாவுக்கும் இதே கதிதான். அங்கே சூப்பர்மார்க்கெட்டில் யூஎச்டி பால் (மிக அதிகச் சூட்டில் பதப்படுத்தி அடைத்த பால்) கிடைக்கும், பிரிக்கும்வரை பிரிட்ஜ் வேண்டாம். டம்ளரில் ஊற்றி, கொதிநீர் நிரம்பிய கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள்; டிகாக்‌ஷன் இறங்கி முடிப்பதற்குள் காபிக்குத் தேவையான சூடு வந்திருக்கும்.