நிலக்கரிக்கு வரியா, கார்பன் சந்தையா?

கரிப்புகையைக் குறைக்க அரசாங்கத்திடம் முக்கியமாக இரண்டு கருவிகள் இருக்கின்றன. புகை விடுகிறவரிடம் வரி வாங்கலாம். இல்லையென்றால் ஓர் அளவு வைத்து, அதற்குள் நிற்பவர் தன் மிச்சத்தை, அளவைத் தாண்டியவருக்கு விற்கட்டும் என்று சந்தை திறக்கலாம். இந்தியா முதலில் வரியைத் தேர்ந்தெடுத்தது. இப்போது சந்தைக்கு வந்திருக்கிறது.

2010 பட்ஜெட்டில் வந்த நிலக்கரி செஸ், அதாவது ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வாங்கும் கூடுதல் வரி, டன்னுக்கு 50 ரூபாயில் தொடங்கி 2016-ல் 400 ஆனது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிலக்கரி எரிகிறது. அப்படியென்றால் யூனிட்டுக்கு ஏறக்குறைய கால் ரூபாய். கரன்ட் பில்லில் தனி வரியாகத் தெரியாது, ஆனால் நாம் எல்லோரும் கொடுத்தோம். வசூலிப்பதும் சுலபம். சுரங்கத்திலும் துறைமுகத்திலும் எடை போட்டால் போதும். எவ்வளவு புகை வந்தது என்று புகைபோக்கிக்குப் போய் அளக்க வேண்டியதில்லை.

பணம் போன வழிதான் கோளாறு. தூய எரிசக்தி நிதிக்கென்று வாங்கிய செஸ், 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டும் செஸ்ஸாக மாறியது. 2025 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, நிலக்கரி மீதான ஜிஎஸ்டியை 5-லிருந்து 18 சதவீதமாக்கினார்கள். வரி கூடியதுபோலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டன் 1,000 ரூபாய் விலையுள்ள மட்ட நிலக்கரிக்கு முன்பு மொத்த வரி 450 ரூபாய், இப்போது 180. 4,000 ரூபாய் நிலக்கரிக்கு முன்பு 600, இப்போது 720. சாம்பல் அதிகமுள்ள சரக்குக்குச் சுமை இறங்கியிருக்கிறது, நல்ல சரக்குக்கு ஏறியிருக்கிறது.

இதன் அர்த்தம் சென்னைக்கு வடக்கே அனல் மின் நிலையங்கள் உள்ள எண்ணூரில் நின்றால் புரியும். ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியில் சாம்பல் அதிகம். எரித்த பிறகு அது குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய் கசிந்து கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிகிறது. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்களின் விரலில் சேற்றுக்குப் பதில் சாம்பல் வருகிறது. எடைக்கு வரி என்பது, அந்தச் சாம்பலுக்கும் சேர்த்து வாங்கிய வரி. அது போனதில் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, சந்தைக்கு வருவோம். 2023 ஜூனில் அறிவித்த கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் சிமென்ட், அலுமினியம், காகிதம் போன்ற தொழில்களுக்கு இலக்கு வைக்கிறது. ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு புகைதான் என்பது இலக்கு. மொத்தப் புகைக்கு உச்சவரம்பு இல்லை. உற்பத்தி பெருகினால் புகையும் பெருகலாம். நாட்டிலேயே அதிகம் புகை விடுகிற அனல் மின் நிலையங்கள் முதல் சுற்றில் இல்லை.

ஐரோப்பா 2005-ல் சந்தை தொடங்கியபோது புகை விடுவதற்கான அனுமதிகளைத் தாராளமாக இலவசமாக அள்ளிக் கொடுத்தது. 2007-ல் விலை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அப்புறம் உச்சவரம்பை வருடா வருடம் இறக்கி, மிதமிஞ்சிய அனுமதிகளைச் சந்தையிலிருந்து எடுத்த பிறகுதான், 2023 பிப்ரவரியில் ஒரு டன் 100 யூரோவைத் தொட்டது. உச்சவரம்பு இறுகினால்தான் சந்தைக்கு உயிர்.

சந்தைக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. இரும்பும் அலுமினியமும் ஐரோப்பாவுக்குப் போனால் எல்லையில் கார்பன் கட்டணம் கேட்கிறார்கள். இங்கே கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ளலாம். ஏற்றுமதித் தொழிலுக்குச் சந்தை இருக்கட்டும்.

மின் நிலையங்களுக்கு என் ஓட்டு எடைக்கு வரிதான். ஆனால் இந்த முறை அந்தப் பணத்தில் ஒரு பங்கு சட்டப்படியே சாம்பல் படிந்த கழிமுகங்களைத் தூர்வாரவும், அங்கே பிழைக்கிறவர்களுக்கும் போக வேண்டும். வேறு கணக்குக்கு மாற்ற முடியாதபடி அதை எழுதி வைக்க வேண்டும்.