கத்தி உறைக்கும் குதிரை வாருக்கும் எந்தத் தோல்: பட்டைத் தோலா, குரோம் தோலா?

கையால் தைக்கும் கத்தி உறைகளுக்கும், குதிரையின் தலைவார், கடிவாள வார் போன்ற சாமான்களுக்கும் தோல் வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, மரப்பட்டையில் பதனிட்ட தோலை எடுப்பதா, குரோமில் பதனிட்ட தோலை எடுப்பதா என்பதைத்தான். இரண்டிலும் சில ஆண்டுகள் வேலை செய்து பார்த்த பிறகு, உறைகளுக்கு முழுவதும், குதிரைச் சாமான்களுக்குப் பெரும்பாலும், பட்டைத் தோலையே நான் எடுக்கிறேன். எழுதுவதில் அந்தச் சாய்வு தெரியத்தான் செய்யும். ஆனாலும் குரோம் தோலுக்கு உரிய இடங்கள் உண்டு; அவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டின் செய்முறையையும் சுருக்கமாகச் சொல்லலாம். பச்சைத் தோலின் நார்களைப் பட்டை, காய் ஆகியவற்றின் துவர்ப்புச் சத்தில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊறவைத்து, அழுகாமல் நிலைக்கச் செய்வது பட்டைப் பதனீடு. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும், கான்பூரில் கருவேலம்பட்டையும், இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டையும் இதற்குப் பயன்பட்டு வந்தன. ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துவிடும் என்பதால், அதைக் கடைசியாகக் கடுக்காய் நீரில் போட்டு எடுப்பது நம் ஊர் ஆலைகளின் வழக்கம். குரோம் பதனீட்டில் பட்டைக்குப் பதிலாகக் குரோமியம் உப்பு. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பதனிடும் கட்டம் ஏறக்குறைய ஒரு நாளில் முடிந்துவிடுவதால், இன்று உலகில் விற்பனையாகும் தோலில் பெரும்பகுதி குரோம் தோல்தான்.

விலை, நிறம் இரண்டையும் அதிகம் பேச வேண்டியதில்லை. பட்டைத் தோலின் விலை கூடுதல். குரோம் தோலில் எந்த நிறமும் பளிச்சென்று ஏறும். பட்டைத் தோல் பழுப்பில் தொடங்கிக் கை பட்டும் வெயில் பட்டும் கறுத்துக்கொண்டே போகும். சுற்றுச்சூழலைக் காட்டி பட்டைத் தோலுக்கு ஆதரவாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கவலை நியாயமாகவே படும். ஆனால் பச்சைத் தோலைக் காக்கப் போடும் உப்பு இரண்டு முறைகளிலும் கழிவோடு வெளியேறுகிறது. பட்டைச் சாற்றின் கழிவும் எளிதில் சுத்திகரிக்கக் கூடியதன்று. ஆகவே என் தேர்வுக்கு அதைக் காரணமாகச் சொல்ல நான் தயாரில்லை.

என் காரணம் தண்ணீர். இரண்டு தோல்களும் தண்ணீரை எப்படி எதிர்கொள்கின்றன என்பதைப் புரிந்துகொண்டால், அவற்றுக்கு இடையிலுள்ள மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே வருவது தெரியும். சென்னை மாகாணத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் பதனீட்டை அறிமுகப்படுத்த முயன்றபோது, அதற்கான முதன்மையான பயன்களுள் ஒன்றாக அவர் கருதியது கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையின் தோல் சால். நாளெல்லாம் நீரில் மூழ்கி எழும் சாலுக்குக் குரோம் தோல் பொருத்தம் என்பதில் ஐயமில்லை. நீர் பட்டாலும் அது தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. கொதிநீரில் போட்டால்கூடச் சுருங்காமல் தாங்கும். பட்டைத் தோலோ, ஈரமாக இருக்கும்போது ஏறத்தாழ 70 முதல் 85 பாகை செல்சியஸ் சூட்டிலேயே சுருண்டுவிடும். இந்த அளவில் பார்த்தால் வெற்றி குரோமுக்குத்தான்.

ஆனால் உறை தைப்பவருக்கு வேண்டியது, நீர் பட்டால் மாறும் தோல். பட்டைத் தோலின் ஒரு துண்டை வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தினால் குமிழிகள் கிளம்பும். அவை அடங்கியதும் வெளியே எடுத்துச் சற்று நேரம் ஆறவிட்டால், விரல் அழுத்திய இடத்தில் பள்ளம் விழும் அளவுக்குக் களிமண்ணைப் போல் இளகியிருக்கும். கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, தைத்து முடித்த ஈர உறைக்குள் செருகி, கைப்பிடி தொடங்கும் இடத்தில் உள்ள வளைவை எலும்புத் துண்டாலோ வழவழப்பான மரத்தாலோ அழுத்தி வரைந்துவிட்டு, நிழலில் உலர வைத்தால், அந்த வடிவத்திலேயே தோல் விறைத்துவிடும். பிறகு கத்தியை உள்ளே தள்ளும்போது கடைசியில் ஒரு சிறு தடை தெரியும். அதைத் தாண்டி உள்ளே போன கத்தி, உறையைத் தலைகீழாகப் பிடித்தாலும் எளிதில் விழாது. பித்தான் போட்ட பட்டை எதுவும் இல்லாமல், தோலின் வடிவம் மட்டுமே கத்தியைப் பிடித்து நிற்பது உறை வேலையின் உயிர்நாடி. அதைக் குரோம் தோலில் செய்ய வழியே இல்லை. எவ்வளவு நேரம் நனைத்தாலும், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், காய்ந்ததும் அது பழைய தொளதொளப்புக்கே திரும்பும். உலர்த்தும் அவசரத்தில் தலைமுடி உலர்த்தியைப் பிடிப்பவர்கள் மட்டும், மேலே சொன்ன சுருங்கும் வெப்ப அளவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதே இளக்கம்தான் விளிம்பு வேலையிலும் கைகொடுக்கிறது. வெட்டிய ஓரத்தின் கூர்முனைகளைச் சீவி, பிசின் நீர் தடவி, மரத்தால் அழுத்தித் தேய்த்தால், இரண்டு மூன்று அடுக்குகளும் ஒரே தோல் என்று எண்ணும்படி நார்கள் படிந்து மினுங்கும். அதன்மேல் தேன்மெழுகு ஏற்றினால் வேலை முடிந்தது. குரோம் தோலின் ஓரம் இப்படித் தேய்க்கத் தேய்க்கப் பிசிறுமே ஒழியப் படியாது. அதற்கு ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டும், அல்லது விளிம்புச் சாயம் பூச வேண்டும். நாளுக்குப் பல முறை வளைந்து நிமிரும் வாரில் அந்தச் சாயம் வெடித்து உரியத் தொடங்கும். உரிந்ததை ஒட்டுப் போட்டுப் பூசினால் அந்த இடம் தனியாகத் தெரியும்.

தையலுக்கும் இதில் பங்கு உண்டு. உறையில் கத்தியின் கூரான விளிம்பு வரும் பக்கத்தில், இரண்டு தோல்களுக்கும் நடுவே ஒரு தோல் பட்டையை வைத்துத் தைப்பது வழக்கம். கத்தியின் கூர்மை நூலைத் தொடாமல் தடுப்பது அந்தப் பட்டையின் வேலை. விறைப்பான பட்டைத் தோலில் அது சுவர்போல் நின்று தடுக்கும். மெத்தென்ற குரோம் தோலில் அழுந்தி ஒதுங்கி, நாளடைவில் கூர்மை தையலைத் தேடிப் போய்விடும். உறை இடுப்பில் இருக்கும் பொருள் என்பதால் இதை நான் அழகு சார்ந்த குறையாக எண்ணுவதில்லை. சேணத் தையலில் ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, குத்தூசியால் போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் இழுப்பதால், ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்கத்து இழை பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கிபோல் மாட்டி நிற்பவை. ஒன்று அறுந்தால் வரிசையே தளரும். கைத்தையலின் இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்க, துளை விரியாத இறுக்கமான தோல் வேண்டும்.

பழுது பார்ப்பதிலும் நீரே துணை. சில ஆண்டுப் பயன்பாட்டில் வாய் அகன்றுபோன பட்டைத் தோல் உறையை, அதில் எண்ணெயும் மெழுகும் மிகுதியாக ஏறியிருக்காத வரை, மறுபடி நனைத்து அதே கத்தியை வைத்து அழுத்தி இறுக்கிவிடலாம். பழைய நூலை எடுத்துவிட்டு அதே துளைகளில் புது நூல் கோக்கலாம். தளர்ந்த குரோம் உறைக்கு ஒரு பித்தான் பட்டை சேர்க்கலாம்; அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீருக்கு இளகும் தோல், வேண்டாத நேரத்திலும் இளகும். மழையில் நனைந்த பட்டைத் தோல் உறையை வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னை போன்ற கடற்கரை ஊரில் அலமாரிக்குள் பூட்டி வைத்தால் வெண்பூசணம் படரும். துடைத்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்தி, மேலாக மெழுகுக் களிம்பு தடவும் பராமரிப்பு அதற்குத் தொடர்ந்து தேவை. வார்களுக்குத் தடவும் மாட்டுக்கால் எண்ணெயை உறைக்கும் தாராளமாகத் தடவினால், பாடுபட்டு ஏற்றிய விறைப்பு போய்விடும். ஈரமான பட்டைத் தோலில் இரும்புத் தூள் விழுந்தால் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருநீலக் கறை படியும். வினிகரில் இரும்பைக் கரைத்துத் தோலுக்குக் கறுப்பு ஏற்றும் பழைய முறை இதே வேதியியல்தான். பராமரிக்க நேரமோ பொறுமையோ இல்லாதவர் குரோம் தோலை எடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

குரோம் தோல் கத்தியைத் துருப்பிடிக்கச் செய்யும், பட்டைத் தோல் செய்யாது என்று சொல்லப்படுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. இரண்டுமே அமிலச் சாயல் உள்ளவை, இரண்டுமே ஈரத்தை இழுத்து வைப்பவை. கார்பன் எஃகுக் கத்தியை எந்தத் தோல் உறையிலும் மாதக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது. உறை எடுத்துச் செல்வதற்கு மட்டுமே. நீண்ட நாள் வைப்பதானால் கத்திக்கு எண்ணெய் தடவித் தனியே வைப்பதே நல்லது.

குதிரைச் சாமான்களுக்கு வந்தால் கணக்குச் சற்று மாறுகிறது. தலைவார், கடிவாள வார், கொக்கிகளில் மாட்டும் துளையிட்ட வார்கள் ஆகியவற்றில் நீளாமை முக்கியம். கொழுப்பும் எண்ணெயும் ஏற்றிய பட்டைத் தோல் வார் இதில் நம்பகமானது. குரோம் வார் இழுவையில் நீண்டு, வட்டமான துளை நீள்வட்டமாகும். இடவாரும் வலவாரும் வெவ்வேறு நீளத்துக்கு வந்துவிட்டால் குதிரையின் வாயில் சமமான பிடி இருக்காது. கான்பூரில் 1860களில் அரசுச் சேணத் தொழிற்சாலை தோன்றி வளர்ந்ததற்கு அந்த வட்டாரத்தில் கருவேலம்பட்டை தாராளமாகக் கிடைத்ததும் ஒரு காரணம். கான்பூர்ச் சேண வேலைக்கு இன்று புவிசார் குறியீடும் உண்டு.

அதே சமயம் குதிரையின் வியர்வை பட்டைத் தோலுக்குக் கெடுதல். உப்பும் காரமும் சேர்ந்து துவர்ப்புச் சத்தைக் கலைப்பதால் தோல் கறுத்து நொறுங்கத் தொடங்கும். சவாரிக்குப் பின் ஈரத் துணியால் துடைத்துக் கிளிசரின் சோப்புப் போடுவது ஒவ்வொரு முறையும் நடக்கும் லாயத்தில் இது பெரிய சிக்கலன்று. நடக்காத லாயத்தில் வயிற்று வாரின் உள்பக்கம், முழங்கால் பதியும் மெத்தை போன்ற உடலை ஒட்டிய பகுதிகளுக்குக் குரோம் தோலே பொருத்தம். மரச் சட்டகத்தின் மேல் முழுச் சேணத்தையும் கட்டும் வேலையை நான் செய்ததில்லை. வார்களை மாற்றுவது, பிரிந்த தையலைத் திரும்பப் போடுவது என்ற அளவில்தான் சேணத்தோடு எனக்குப் பழக்கம். ஆகவே இருக்கைத் தோலைப் பற்றி நான் சொல்வதை முடிந்த கருத்தாகக் கொள்ள வேண்டாம். அங்கு மென்மை தேவைப்படுவதால் குரோம் பக்கம் நியாயம் கூடுதலாக இருக்கலாம்.

வாங்கும்போது தடிமனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உறைக்கும் வாருக்கும் 3 முதல் 4 மில்லிமீட்டர் வேண்டும். கிழக்கிந்தியத் தோல் என்று பெயர்பெற்ற நம் ஊர்ப் பட்டைத் தோல் பெரும்பாலும் அதைவிட மெல்லியது. காலணியின் உட்புறத்துக்கும் பைக்கும் அருமையானது, உறைக்கு இரண்டு அடுக்காக ஒட்டித்தான் பயன்படுத்த வேண்டும். தடித்த எருமைத் தோலைச் சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் கேட்டுத் தேடலாம். வெட்டிய ஓரம் உள்வரை பழுப்பாக இருக்கிறதா, நடுவில் சாம்பல் நீலம் தெரிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. சாயம் ஊடுருவிய தோலில் அது ஏமாற்றும் என்பதால், ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை வாங்கி எரித்துப் பார்க்கலாம், குரோம் தோலின் சாம்பலில் பச்சை நிறம் தெரியும். வாருக்கு முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்டிய துண்டையே கேட்க வேண்டும்; வயிற்றுப் பகுதித் தோல் எப்படிப் பதனிட்டாலும் நீளும்.

குரோமில் பதனிட்ட பின் பட்டைச் சாற்றிலும் ஊறவைத்த கலப்புத் தோலும் சந்தையில் உண்டு. ஈரத்தை ஓரளவு தாங்கும், ஓரளவு விறைப்பும் தரும் என்பதால், மழையில் வெளியே கிடக்கும் கட்டு வார்களுக்கு அதை நான் எடுப்பதுண்டு, உறைக்கு எடுப்பதில்லை. கட்டுமரத்திலோ விசைப்படகிலோ உப்பு நீரில் நாள் முழுதும் நனையும் கத்திக்கு உறை கேட்பவர்களுக்கு இந்த மூன்றில் எதையும் நான் தைத்துத் தருவதில்லை. பிளாஸ்டிக் உறையே போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.