காசியில் படகு: விடியற்காலைத் துடுப்பா, மாலை மோட்டாரா?

காசியில் ஒரு தடவைதான் படகு ஏற நேரம் இருக்கிறது என்றால் நான் விடியற்காலையைத்தான் சொல்வேன். காரணம் எளிது. கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது, படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில் கிழக்கைப் பார்த்து நிற்கின்றன, அதனால் சூரியன் எழுந்ததும் வெளிச்சம் நேராகப் படிகளில்தான் விழும். அஸ்ஸி படித்துறையில் துடுப்புப் படகு பிடித்து, பிணம் எரிக்கும் துறையான மணிகர்ணிகா பக்கம் போனால் ஒவ்வொரு துறையும் மெதுவாக நகரும். அனுமான் காட் (காட் என்றால் படித்துறை; பாரதியார் இளமையில் வாழ்ந்த பகுதி இது), அடுத்து சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த கேதார் காட், அங்கே குளிக்கிறவர்கள் பேசும் தமிழ்கூடக் காதில் விழும். மணிகர்ணிகாவை ஒட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் ரத்னேஸ்வர் கோயிலைத் தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் அதன் சாய்வு புரியும்.

மாலை மோட்டார் படகு வேறு கதை. தசாஸ்வமேதத் துறையில் நடக்கும் கங்கை ஆரத்தியைக் கரைக் கூட்டத்தில் நசுங்காமல் எதிரிலிருந்து பார்க்கலாம், வயதானவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் படகுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும், முன்னால் இருப்பவர் தூக்கிப் பிடித்த செல்போன் வழியாகத்தான் நான் பாதி ஆரத்தியைப் பார்த்தேன்.

எதில் ஏறினாலும் வாடகை படகுக்கா, ஆளுக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், மணிகர்ணிகாவில் கேமராவை உள்ளே வையுங்கள். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறினால் இரண்டுமே கிடையாது.