பீட்ரூட்: தோலோடு வேகவைத்து, வினிகரில் ஊறவைத்து

பீட்ரூட்டை இலையோடு கட்டாகத்தான் வாங்குகிறேன். இலை வாடாமல் இருந்தால் கிழங்கும் புதியது. இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வந்தவுடன் இலையை வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிழங்கின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கிழங்கு தொளதொளத்துவிடும். காம்பில் இரண்டு விரற்கடை விட்டு வெட்டுவேன், அடியிலுள்ள வால் வேரைத் தொடுவதில்லை. கழுவாமல் மண்ணை மட்டும் தட்டிவிட்டு, துளையிட்ட பையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் இரண்டு, மூன்று வாரம் கெட்டியாக இருக்கிறது. இலை அவ்வளவு நாள் தாங்காது. அன்றைக்கே பாசிப்பருப்பும் பூண்டும் சேர்த்துப் பொரியலாகிவிடும். கீரைக்குத் தனியாகக் காசு கொடுப்பவர்களே இந்த இலையைச் சந்தையில் பிய்த்துப் போட்டுவிட்டு வருவதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

தோல் சீவி, நறுக்கி, பிறகு வேகவைக்கும் முறையை விட்டு நெடுநாளாகிறது. சிவப்பு நிறத்தைத் தரும் பீட்டாலைன் தண்ணீரில் கரையக்கூடியது. வெட்டிய பக்கமெல்லாம் அது வழிந்து போகும். காம்பும் வாலும் உள்ளபடியே முழுக் கிழங்காகக் குக்கரில் வைத்தால் சாயம் பெரும்பாலும் உள்ளேயே நிற்கிறது. நடுத்தரக் கிழங்குக்கு நான்கைந்து விசில் போதும். ஆறியபின் கட்டை விரலால் தள்ளினாலே தோல் கழன்றுவிடும். கூட்டு, பச்சடி, தேங்காய்ப்பால் கறி எல்லாவற்றுக்கும் இதுதான் சரி. பொரியலுக்கு மட்டும் பச்சையாகத் துருவி வதக்குவதே மேல். வேகவைத்ததில் அந்த நறுக்கென்ற கடி வராது.

பீட்ரூட் பிடிக்காது என்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது அதன் மண் வாடை. மழை பெய்ததும் எழும் வாசனையில் இருக்கும் ஜியோஸ்மின்தான் இதிலும் இருக்கிறது. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். அடுப்பை அணைத்தபின் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் வாடை அடங்கும், நிறமும் பளிச்சென்று நிற்கும். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடவே கூடாது, நிறம் கெட்டுப்போகும்.

சேமிப்பில் நான் முதலிடம் கொடுப்பது வினிகருக்கு. அரைக் கிலோ கிழங்கை வேகவைத்து வில்லைகளாக்கி, கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் அடுக்குகிறேன். ஒரு கப் வினிகர், அரை கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு, இரண்டு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் கடுகு: எல்லாவற்றையும் கொதிக்கவிட்டு, வில்லைகள் மூழ்கும்வரை ஊற்றுவேன். மூன்றாம் நாள் சுவை பிடிக்கும். ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வரை வைத்துக்கொள்வேன். தயிர்சாதத்துக்கு இதைத் தொட்டுக்கொள்ளத் தொடங்கியபின் மாங்காய் ஊறுகாய் ஜாடி மெதுவாகத்தான் காலியாகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. பீட்ரூட் இயல்பிலேயே புளிப்புக் குறைந்த காய். வெறும் தண்ணீரில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி அலமாரியில் வைத்தால் கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி அதில் நஞ்சை உண்டாக்கலாம். வாடையோ நுரையோ காட்டிக்கொடுக்கும் என்று நம்ப முடியாது. பாட்டில் ஃபிரிட்ஜுக்குள்தான் இருக்க வேண்டும்.

ஃபிரீசர் அடுத்தபடி. பச்சையாக உறையவைத்தால் இளகும்போது சொதசொதவென்று ஆகிவிடும். வேகவைத்த துண்டுகளைத் தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாது. கூட்டுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நன்றாக உதவுகிறது, சாலட்டுக்கு உதவாது.

துருவி வெயிலில் உலர்த்திப் பொடியாக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சத்தில் நிறம் வெளிறுகிறது, உழைப்புக்கு ஏற்ற பலன் இல்லை.

நிறையச் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம், சிலருக்கு அப்படித்தான் ஆகும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வில்லைகள் தீர்ந்தபின் பாட்டிலில் மிஞ்சும் சிவப்பு வினிகரைக் கொட்டிவிடாதீர்கள். வெங்காயத்தை வளையமாக நறுக்கி அதிலேயே போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். இரண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும்.