பிரிக்பீல்ட்ஸில் உடம்பு பிடிக்கும் கடை: பெண்கள் தயங்காமல் போகலாம்

வலது கை தோளுக்கு மேல் ஏறாமல் ஏழு மாதம் ஆகியிருந்தது. தமிழ்ப்பள்ளியில் 31 வருடம் போர்டில் எழுதிய கை. பிசியோவில் கயிறு இழுத்தேன், வீட்டில் கோடாலித் தைலம் தேய்த்தேன், தேறவில்லை. கடைசியில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்பு பிடிக்கும் கடை ஒன்றுக்குப் போனேன். நான்கு மாதத்தில் ஆறு தடவை போயாகிவிட்டது.

கடை பெயரை எழுத வேண்டாம் என்று அங்கே வேலை செய்யும் பெண்ணே கேட்டுக்கொண்டார். பெண் குரல் இருக்கிறது என்று தெரிந்தாலே போதும், கண்ட நேரத்தில் போன் போட்டுக் கண்டதைக் கேட்கிறார்களாம். இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு அதுதான் பெரிய தொல்லை. ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்துகளில் இப்படிப் பல கடைகள் உண்டு. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால், பயிற்சி முடித்தவர்கள் பலர் இந்த வட்டாரத்திலேயே தொழில் செய்கிறார்கள். பார்வையற்றவர்கள் தடவி நடக்க நடைபாதையில் பதித்திருக்கும் மஞ்சள் பட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

நான் போகும் கடை இரண்டாம் மாடியில். அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்நடையில், பூக்கட்டும் அம்மாவுக்குப் பக்கத்துப் படி. நான் போனபோது ஒரு மணி நேரத்துக்கு 70 வெள்ளி (ரிங்கிட்). பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண் என்பது கடைச் சட்டம். முதலில் இரண்டு நிமிடம் வெளியே போய்விடுவார்கள். நாம் உடை மாற்றி, துண்டைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுத்த பிறகு குரல் கொடுக்க வேண்டும்.

"கை வைக்கிறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெண் தொட்டார். முதுகின் நடுவில் ஓர் உள்ளங்கை. அப்படியே கொஞ்ச நேரம் அசையாமல் வைத்திருந்தார். பிறகு கட்டைவிரல் முதுகெலும்பை ஒட்டி ஏறி, தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஓர் இடத்தில் நின்றது. அங்கே நாட்டுக் கொய்யாக்காய் போல ஒரு முடிச்சு இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. "தையல் மெஷினா, ரப்பர் பால்மரமா, போர்டா?" என்று கேட்டார். போர்டு என்றேன். "மூணுக்கும் இதே இடம்தான் அக்கா. என்கிட்ட வர்ற பொம்பளைங்க முக்கால்வாசிப் பேருக்கு இங்கதான்."

அந்த முடிச்சு இளகும்போது எனக்கு அழுகை வந்தது. வலியில் இல்லை. என் உடம்பில் இன்னொருவர் இப்படிப் பொறுமையாக எண்ணெய் வைத்துத் தேய்த்தது எப்போது என்று யோசித்தேன். 1996இல், இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள், அம்மா. அதற்குப் பிறகு யாருமில்லை. கடைப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. கையை எடுக்காமல், அழுத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்.

அப்பா தோட்டத்து லாரி ஓட்டியவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டவுனில் முடிவெட்டும் கடைக்குப் போவார். நானும் கூடப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். முடி வெட்டிய பிறகு கடைக்காரர் தலையைப் பிடித்து, தோளைத் தட்டி, கழுத்தில் நெட்டி முறிப்பார். அப்பா கண்ணை மூடியிருப்பார். வீட்டுக்குத் திரும்பும்போது அவர் முகமே வேறாக இருக்கும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போய், வந்து சமைத்து, துவைத்த அம்மாவுக்கு அப்படி ஒரு நாற்காலி அந்த ஊரில் எங்கேயும் இருந்ததில்லை. காசு கொடுத்து உடம்பு பிடித்துக்கொள்ளும் பொம்பளை என்றால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லை. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஸ்பாவுக்குப் போகிறேன் என்றபோது வீட்டுக்காரர் முகம் சுளித்தார். இந்தக் கடைக்கு என்றதும், "கண்ணு தெரியாதவங்கதானே, போயிட்டு வா" என்றார். அந்த வார்த்தை எனக்கு வலித்தது. அந்தப் பெண் இரண்டு வருடம் உடற்கூறு படித்து, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவர். அவர் கண் தெரியாதது எனக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு இல்லை. அவரிடமே இதைச் சொன்னேன். "எல்லா வீட்லயும் அப்படித்தான் சொல்லி அனுப்புறாங்க அக்கா" என்றார். தென்கொரியாவைப் பற்றி அவர்தான் சொன்னார்: அங்கே இந்தத் தொழிலுக்கான உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான். 2006இல் அது செல்லாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னபோது தெருவில் இறங்கிப் போராடித் திரும்பச் சட்டமாக்கினார்கள். 2008இல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இங்கே அந்தப் பாதுகாப்பு கிடையாது. பேரங்காடிக்குப் பேரங்காடி கால்பிடிக் கடைகள் வந்துவிட்டன.

குறைகளையும் சொல்கிறேன். படிக்கட்டில் விளக்கு மங்கல். மூட்டுவலி உள்ளவர்கள் துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள். எண்ணெயைச் சூடாக்கித் தருவதில்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பேசுவது காதில் விழுகிறது. முதல் நாள் அதனாலேயே உடம்பைத் தளர்த்த முடியவில்லை. சுவர் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை காத்திருப்பு. அந்தக் கடையில் வேலை செய்யும் ஆறு பேரில் பெண்கள் இருவர்தான். ஆண்களுக்கு அன்றைக்கே இடம் கிடைக்கிறது. நமக்கு இரண்டு வாரம். பார்வையில்லாத பெண்பிள்ளையை இந்தத் தொழிலுக்கு அனுப்ப வீட்டில் பயப்படுகிறார்களாம். 2023இல் முடிதிருத்தும் கடை, ஜவுளி, நகை மூன்று தொழிலுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டு ஆட்களை அரசு அனுமதித்தது. நல்லதுதான், அந்தக் கடைகள் ஆளில்லாமல் தவித்தன. ஆனால் பெண்களுக்கு உடம்பு பிடிக்கப் பெண் கை கிடைப்பதில்லை என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை.

இப்போது கை தலைவரை ஏறுகிறது, நானே சடை பின்னிக்கொள்கிறேன். அடுத்த வியாழன் பதினொரு மணிக்கு இரண்டு பெயர் கொடுத்து வைத்திருக்கிறேன். இரண்டாவது பெயர் என் நாத்தனார், 67 வயது. "எனக்கெதுக்கு அதெல்லாம்" என்று மூன்று தடவை சொன்னார். நேற்று போன் செய்து, என்ன உடுத்திக்கொண்டு வரவேண்டும் என்று கேட்டார்.