கடற்படையா, வடஎல்லையா: மிங் அரசின் இரு வழிகள்

சீனாவின் மிங் பேரரசர் யோங்லேயின் ஆணைப்படி 1405இல் கடற்படைத் தலைவர் செங் ஹே தொடங்கிய கடற்பயணங்கள், 1433 வரை ஏழு முறை நடந்து, கோழிக்கோட்டையும் ஹொர்மூஸையும் கடந்து கிழக்காப்பிரிக்கா வரை எட்டின. இலங்கையின் காலியில் கிடைத்த அவரது 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மும்மொழிகளில் அமைந்துள்ளது; அதன் தமிழ்ப்பகுதி தேனாவரை நாயனார் என்னும் உள்ளூர்த் தெய்வத்துக்கு அளித்த பொன், வெள்ளி, பட்டு முதலான காணிக்கைகளை வரிசைப்படுத்துகிறது. அயலார் தெய்வத்தையும் மதித்த இந்த அரசியல் நுட்பம் வியக்கத்தக்கது. ஆனால், செலவு முழுவதும் அரசின் தலையில் விழுந்தது.

மற்றொரு வழி, பெய்ஜிங்கிலிருந்து வடஎல்லையைக் காப்பது. 1449இல் துமு என்னுமிடத்தில் நடந்த போரில் பேரரசரே மங்கோலியரிடம் சிறைப்பட்டதால், அந்த அச்சம் வீண் அல்ல. அரசுக் கப்பல்களை நிறுத்தியது சரியே. தனியார் கடல் வணிகத்துக்குத் தடையை நீட்டித்ததுதான் பெரும்பிழை. அது கள்ளக்கடத்தலையே வளர்த்தது; 1567இல்தான் தடை தளர்ந்தது.