மருத்துவப் பதிவு மென்பொருள் செய்து வாங்கப்போகிறவர்கள் கவனத்திற்கு

மதுரைக்கு அருகில் 12 படுக்கைகள் கொண்ட குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்தைப் பார்த்து வருகிறேன். எங்கள் தேவைக்கேற்ப மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருளை உருவாக்கித் தருவதாக ஒரு நிறுவனம் 2022இல் ஒப்பந்தம் செய்துகொண்டது. முன்பணமும் தவணைகளுமாக 4 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். வழக்கறிஞரின் அறிவுரைப்படி நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

டோக்கனும் ரசீதும் ஒழுங்காக வந்ததால் முதலில் குறை எதுவும் கண்ணில் படவில்லை. ஓராண்டு கழித்து, சளிக்காக வந்த ஒரு சிறுமியின் பதிவில் வயது 3 என்று இருப்பதைப் பார்த்த மருத்துவர் தாயிடம் கேட்டபோது, "போன மாசமே நாலு முடிஞ்சிருச்சு டாக்டர்" என்றார் அவர். தோண்டிப் பார்த்தால், மென்பொருளில் பிறந்த தேதிக்கு இடமே இல்லை; வயதை வெறும் எண்ணாகச் சேமித்திருந்தார்கள். முதல் நாள் பதிந்த வயதிலேயே எல்லாக் குழந்தைகளும் நின்றுபோயிருந்தார்கள். மாதக் கணக்குக்கும் கட்டம் இல்லாததால் 8 மாதக் குழந்தைகள் சிலர் 8 வயதுப் பிள்ளைகளாகப் பதிவாகியிருந்தார்கள். வயதை வைத்தே தடுப்பூசி முறையைப் பார்க்கும் இடத்திற்கு, குழந்தைகளுக்கென்றே செய்ததாகச் சொல்லி விற்ற மென்பொருள் இது!

பென்சிலின் ஒவ்வாமையும் 'குறிப்பு' என்ற கட்டத்தில் வெறும் வாக்கியமாகக் கிடந்ததால், மருந்து எழுதும்போது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. விளம்பரத்தாளில் இருந்த 'ஆபா இணைப்பு' (ஆபா என்பது மத்திய அரசுத் திட்டத்தின் உடல்நல அடையாள எண்) என்பது, அந்த 14 இலக்க எண்ணைத் தட்டச்சு செய்வதற்கான ஒரு பெட்டி மட்டுமே. அந்த எண்ணை வழங்கும் அரசுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனின் சாண்ட்பாக்ஸ் (இணைப்பைச் சோதித்துப் பார்க்கும் தளம்) சோதனைகளில் தேறியதற்கான சான்றைக் காட்டச் சொன்னோம். அதன்பின் எங்கள் அழைப்புகளை எடுப்பதையே குறைத்துக்கொண்டார்கள்.

இவற்றையெல்லாம்கூடத் திருத்திக்கொண்டிருக்கலாம். வேறு மென்பொருளுக்கு மாறப்போகிறோம், பதிவுகளைக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. தரவுத்தளம் தங்கள் அறிவுசார் சொத்து என்றும், பிரித்துத் தர மேலும் ஒன்றரை லட்சம் ஆகும் என்றும் மின்னஞ்சல் வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2016இல் வெளியிட்ட மின்னணு மருத்துவப் பதிவுத் தரநிலைகள், பதிவில் உள்ள தகவல் நோயாளிக்கே உரியது என்றும் மருத்துவமனை அதற்குப் பொறுப்பாளர் மட்டுமே என்றும் சொல்கின்றன. எங்களுக்கே சொந்தமில்லாத ஒன்றை அவர்கள் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும்? வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய பிறகு ஒரு பென் டிரைவ் வந்தது. அதில் ஏறக்குறைய 11,000 பிடிஎஃப் கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயரிலும் நோயாளியின் பெயரோ எண்ணோ இல்லை, வரிசை எண் மட்டுமே இருந்தது.

2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் பதிவுகளைக் கொடுக்க வேண்டியது மருத்துவரின் கடமை. மென்பொருள்காரருக்கு அதில் பங்கில்லை. எனவே கையெழுத்திடும் முன், பத்து மாதிரி நோயாளிகளைப் பதிந்து, அவர்களின் முழுத் தரவையும் எக்செலிலோ எஃப்.எச்.ஐ.ஆர். (மருத்துவத் தரவை மென்பொருள்களுக்கிடையே பரிமாறுவதற்கான பொதுத் தரநிலை) வடிவத்திலோ உங்கள் கண்முன்னே இறக்கித் தரச் சொல்லுங்கள். விலகும்போது கட்டணமின்றித் தரவு தரப்படும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

எங்கள் வரவேற்பறைப் பணியாளர்கள் இருவர் தினமும் மதியம் அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்துப் பிறந்த தேதி கேட்டுப் பதிந்துகொண்டிருக்கிறார்கள். நேற்று மாலையோடு 2,300 முடிந்திருக்கிறது.